நான் பொத்திய மைக்

பத்திரிகைக்காரர்களிடமும் டிவிக்காரர்களிடமும் எப்படிப் பேச வேண்டும் என்று கம்பெனி முதலாளிகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்கள் என்னை நம்புகிறார்கள். பொள்ளாச்சித் தேங்காய் எண்ணெய்க்காரர்களும் நம்புகிறார்கள். என் சொந்தக்காரர்கள் மட்டும் நம்புவதில்லை. அவர்கள் என் முதல் வேலையைக் கண்ணால் பார்த்தவர்கள்.

அந்த வேலையைக் கொடுத்தவர் தங்கவேல் சித்தப்பா. கோவை கணபதியில் வெட் கிரைண்டர் கம்பெனி வைத்திருப்பவர். நான் அப்போது சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, ஒரு லேப்டாப்பும் அடக்க முடியாத தன்னம்பிக்கையுமாகக் கோவைக்குத் திரும்பியிருந்தேன்.

போத்தனூரில் ஸ்டெல்லா டீச்சர் என்பவருக்கு எங்கள் கிரைண்டரில் மாவாட்டும்போது ஷாக் அடித்துவிட்டது. நல்லவேளையாகக் கையை உதறிக்கொண்டு தப்பித்துவிட்டார். அவர் கணவர் கிரைண்டர் மேல் டெஸ்டரை வைத்ததும் அது பளிச்சென்று எரிகிற வீடியோ, பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கச் சுற்றிவிட்டது. (எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டது என் அம்மா.) கடைக்காரர்கள் சரக்கை இறக்காமலே வண்டியைத் திருப்பி அனுப்பினார்கள்.

சித்தப்பா கார் சாவியை எடுத்தார். "கண்ணு, அந்தம்மா ஊட்டுக்கு ஒரு எட்டு போயிப் பார்த்துப்போட்டு வந்துரலாமா?"

"ஐயோ, போனா தப்பை நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருங்க சித்தப்பா. மொதல்ல பிரஸ் மீட். நான் எழுதித் தர்றதை மட்டும் சொன்னாப் போதும்."

சாவி மறுபடி ஆணிக்குப் போனது. எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

நான் எழுதித் தந்த வாசகம் இது: 'வாடிக்கையாளர் நலனே எங்கள் உயிர்மூச்சு.' எந்தக் கேள்வி வந்தாலும் சுற்றி வளைத்து இதில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும், கோபப்படக் கூடாது, தெரியாததைப் பேசக் கூடாது என்று ஒத்திகை நடத்தினேன். கம்பெனியில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் பிரிவில் வேலை செய்கிறவர்கள் நிருபர்களாக நடித்தார்கள். சித்தப்பா நல்ல மாணவர். அதுதான் வினையாகப் போயிற்று.

காந்திபுரத்தில் ஒரு ஓட்டல் ஹாலில் கூட்டம். நிருபர்கள் போண்டாவும் காபியும் முடித்து உட்கார்ந்தார்கள். பின்வரிசையில் எங்கள் குடும்பமே, ஏதோ வளைகாப்புக்கு வந்ததுபோல.

"ஏனுங்க, எத்தனை கிரைண்டருல இந்தக் கோளாறு?"

"வாடிக்கையாளர் நலனே எங்கள் உயிர்மூச்சுங்க." (ங்க அவருடைய சொந்தச் சேர்க்கை.)

"வித்ததைத் திருப்பி எடுத்துக்குவீங்களா?"

"வாடிக்கையாளர் நலனே எங்கள் உயிர்மூச்சுங்க."

ஓட்டல் பணியாளர் குனிந்து, "இன்னொரு காபி கொண்டாரட்டுங்களா?" என்று கேட்டார். அவருக்கும் அதே பதில். ஹாலில் சிரிப்பு கிளம்பியது.

டிவிக்கார அம்மணி ஒருவர் சிரிக்கவில்லை. "அந்த டீச்சருக்கு ஷாக் அடிச்சது உண்மையா, இல்லைங்களா?"

சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத முகம். நான் மேஜைமேல் இருந்த மைக்கைக் கையால் இறுகப் பொத்திக்கொண்டு அவர் காதருகே சாய்ந்தேன். மேஜையில் இருந்தவை இரண்டு மைக். நான் பொத்தியது டிவிக்காரர்களுடையது. ஹாலுடைய மைக் என் வாய்க்கு நேர் கீழே இருந்தது.

"சித்தப்பா, ஷாக் அடிச்சுதுன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க! அந்தம்மா ஈரத்தரையில நின்னிருப்பாங்கன்னு சொல்லிச் சமாளிங்க!"

நான்கு மூலை ஸ்பீக்கரிலும் என் ரகசியம் முழங்கியது. பின்வரிசையில் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

சித்தப்பா என் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"நம்ம புள்ளைதானுங்க. பயத்துல பேசிப்போட்டுது, மனசுல வெச்சுக்காதீங்க. ஷாக் அடிச்சது நெசந்தானுங்க. எர்த் ஒயரைச் சரியா முடுக்காம ஒரு லாட் வெளிய போயிருச்சு. அதை வாங்குனவங்க சொல்லி அனுப்புங்க, நாங்க ஊட்டுக்கே வந்து சரி பண்ணித் தர்றோம். அதுவரைக்கும் அதை ஓட்ட வேண்டாமுங்க."

இதைக் கேட்டு ஊர் உருகிவிட்டது என்று எழுத ஆசைதான். அவர் பேசியது செய்தியில் ஒரு ஓரமாக வந்தது. நான் பேசியது செல்போன் செல்போனாகப் பறந்தது. அந்தத் தீபாவளி விற்பனை படுத்துவிட்டது. சில கடைக்காரர்கள் திரும்பி வரவே இல்லை.

மறுநாள் போத்தனூர் போனோம். கதவைத் திறந்த ஸ்டெல்லா டீச்சரிடம் நான் வணக்கம் சொன்னதுதான் தாமதம், "அந்தக் குரல் உங்களுதுதானுங்களா?" என்றார். நேராகச் சமையலறைக்குக் கூட்டிப்போனார். "இங்கதானுங்க நின்னுட்டு இருந்தேன். தொட்டுப் பாருங்க."

குனிந்து தொட்டேன்.

"ஈரமா இருக்குதுங்களா?"

"இல்லைங்க டீச்சர்."

"அன்னைக்கும் இப்படித்தானுங்க இருந்துச்சு. ஒரு சொட்டுத் தண்ணி இல்லீங்க."

அவர் கோபமாகப் பேசியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். நான் பார்த்தே இராத ஒரு சமையலறையில் கண் இமைக்கும் நேரத்தில் தண்ணீரைக் கொட்டி, செத்துப் பிழைத்த ஒரு மனுஷியைக் குற்றவாளி ஆக்கியிருந்தேன். அதற்கு எந்தச் சிரமமும் படவில்லை என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது. மன்னிப்புக் கேட்டேன். வாசகம் எதுவும் தயார் செய்து போகவில்லை, அதனால் திக்கித் திணறித்தான் கேட்டேன். சித்தப்பா தரையில் உட்கார்ந்து கிரைண்டரைக் கவிழ்த்து ஒயரை முடுக்கிக்கொண்டிருந்தார். டீச்சர் எங்களுக்கு டீ போட்டார்.

கம்பெனி மெல்ல எழுந்துவிட்டது. ஆனால் எங்கள் குடும்ப அகராதியில் ஒரு சொல் நிரந்தரமாகச் சேர்ந்துவிட்டது. யார் சாக்குச் சொன்னாலும் அதற்குப் பெயர் 'ஈரத்தரை'. மார்க் குறைந்ததற்குக் கேள்வித்தாளைக் குறை சொன்ன சித்தப்பா பேத்தியிடம், "ஈரத்தரை பேசாத" என்கிறாள் அவள் அம்மா. போன மாதம் கோபிசெட்டிபாளையத்தில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்து பந்தியும் பாதி ஆன பிறகுதான் நான் போய்ச் சேர்ந்தேன். சித்தப்பா மண்டப வாசலில் நின்றிருந்தார்.

"அவிநாசிகிட்ட ஒரே டிராஃபிக்குங்க சித்தப்பா…" என்று ஆரம்பித்தேன்.

அவர் கும்பிட்ட கையை இறக்காமலே கேட்டார்: "ரோடு ஈரமா இருந்துச்சா கண்ணு?"