சட்டைப் பையில் அணு

அனுமதி இலவசம் என்று எழுதிப் போட்ட இடத்துக்கு நான் இன்றுவரை நிம்மதியாகப் போனதில்லை. தெருமுனையில் இலவசக் கண் பரிசோதனை முகாம் என்றால்கூட என் மனைவி ரீட்டா, "சட்டைப் பையைக் காலி பண்ணிட்டுப் போங்க" என்பாள். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்து முடித்த பிறகு கொஞ்ச நேரம் எனக்கு மட்டும் நெஞ்சு கனக்கும்.

எண்பதுகளின் கடைசி அது. கரையான்சாவடி மெயின் ரோட்டில் எங்கள் அப்பா, அதாவது நைனா, சப்ளையர்ஸ் கடை வைத்திருந்தார். கல்யாணம், கருமாதி, சர்ச் திருவிழா எதுவானாலும் மடக்கு நாற்காலி, அண்டா, மைக் செட், பெட்ரோமாக்ஸ் விளக்கு எல்லாம் எங்களிடம் வாடகைக்குக் கிடைக்கும். நான் பிஎஸ்சி பிசிக்ஸ் முடித்துவிட்டு அதே கடையில் அண்டா கழுவிக்கொண்டிருந்தேன். (படிப்புக்கு மரியாதை இல்லாமல் இல்லை. தெருவில் எந்த வீட்டில் டியூப் லைட் எரியாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் போய் ஸ்டார்ட்டரைத் திருகிப் பார்த்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்வேன்.)

ஜெசிந்தா நசரத்பேட்டைக்காரி. பூந்தமல்லியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் பாடுவாள். மைக் ஸ்டாண்டை அவள் உயரத்துக்கு இறக்கி வைப்பது என் வேலை. பூசை முடிந்ததும் வேண்டுமென்றே அதை மேலே ஏற்றிவிட்டுப் போவேன், அடுத்த வாரம் மறுபடி வந்து இறக்குவதற்காக.

"ஒரு தடவை மார்க் பண்ணி வெச்சா போதாதா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"போதாதுங்க" என்றேன்.

அவள் பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சிரித்தாள். எங்கள் காதலில் வசனம் என்று சொல்லிக்கொள்ளக் கூடியது அது ஒன்றுதான்.

அவள் அப்பா அந்தோணிசாமி, ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர். படித்த மாப்பிள்ளைதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். பெங்களூரிலிருந்து ஒரு வரன் வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தது. ஜெசிந்தா ஒரு வழி கண்டுபிடித்தாள். ஆவடிப் பக்கம் ஒரு பழைய அரசாங்கக் கட்டடத்தில் அணு விஞ்ஞானக் கூடம் என்று ஒன்று திறந்திருந்தார்கள். அணுவைக் கண்டுபிடித்த கதை முதல் அணுகுண்டு, அணு உலை வரை எல்லாம் அங்கே உண்டு. அவள் தன் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகிறாள். துணைக்கு அப்பாவும் வருகிறார். நான் பிசிக்ஸ் படித்த நண்பன் என்ற முறையில் வந்து பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்ல வேண்டும்.

"அப்பா உங்களைக் கடையில பாக்குறதுக்கு முன்னாடி அங்க பாக்கட்டும் லாரன்ஸ். அவருக்குப் புடிச்சுட்டா போதும், மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றாள்.

நான் ஒரு வாரம் பழைய பாடப் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு படுத்தேன். பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை. (என் மார்க் ஷீட்டைப் பார்த்தவர்கள் இதை ஒத்துக்கொள்வார்கள்.)

சனிக்கிழமை காலை இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பும்போது நைனா பிடித்துக்கொண்டார்.

"டேய், ஆவடிக்குத்தானே போற? வரசொல்ல மேண்டில் வாங்கினு வா. நாளிக்கி மாதா தேரு. வெளக்கு எரியலன்னா ஃபாதரு நம்மள உண்டு இல்லன்னு பண்ணிடுவாரு."

மேண்டில் என்பது பெட்ரோமாக்ஸ் விளக்குக்குள் கட்டுகிற வெள்ளை வலைப் பை. அதுதான் பற்றிக்கொண்டு பளீரென்று எரியும். ஜெசிந்தாவோடு இருந்துவிட்டுத் திரும்பும்போது இதெல்லாம் எங்கே ஞாபகம் வரப்போகிறது என்று, போகும்போதே வாங்கிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் முன்யோசனையோடு செய்த ஒரே காரியம் அது.

கூடத்தில் வழக்கமாக விளக்கம் சொல்லும் அதிகாரி அன்று லீவு. டிக்கெட்டே இல்லாத அந்த இடத்தில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருந்த ஒருவர்தான் அவருக்குப் பதிலாக வந்தார்.

"கொயந்தைங்களா, இதான் அணு. கண்ணுக்குத் தெரியாது. அதனால பல்பு போட்டு வெச்சிக்கீறோம். ஒரு பல்பு ஃப்யூஸு, கண்டுக்காதீங்க" என்றார்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நின்று விளாசினேன். தொடர்வினை என்றால் என்ன என்று ஒரு பெண் கேட்டதும், "கல்யாண மண்டபத்துல மடக்கு நாற்காலி வரிசையா இருக்கு. ஒண்ணு சாஞ்சா அடுத்ததைத் தள்ளும், அது ரெண்டைத் தள்ளும், கடைசியில மொத்தமும் படபடன்னு விழும், அதான்" என்றேன். நாற்காலி விழுவதில் எனக்கு இருந்த அனுபவம் அப்படி. அந்தோணிசாமி தலையை ஆட்டி, "நல்லா சொல்றீங்க தம்பி" என்றார். ஜெசிந்தா என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதி மாப்பிள்ளை ஆகிவிட்டேன்.

குண்டு விழுந்த ஊரின் படங்களுக்கு முன்னால் மட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. அங்கிருந்து சத்தமில்லாமல் அடுத்த மேஜைக்கு வந்தோம்.

அந்த மேஜையில் கதிரியக்கத்தைக் கண்டுபிடிக்கும் கருவி இருந்தது. கவுண்டர்காரர் அதை ஒரு கல்லுக்குப் பக்கத்தில் வைத்தார். டிக், டிக் என்றது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"மன்சாள் பக்கத்துல வெச்சா கம்முனு இருக்கும். யாராச்சும் வாங்க, காட்றேன்" என்றார்.

யார் போனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் நின்றேன். அவர் கருவியை என் நெஞ்சுக்கு நேரே நீட்டினார். அது கம்மென்று இருக்கவில்லை. ஆயிரம் சில்வண்டுகள் சேர்ந்தாற்போல் கிர்ர்ரென்று கத்தியது. அவர் பின்னால் இழுத்தார், அடங்கியது. மறுபடி நீட்டினார், மறுபடி கத்தியது.

"அண்ணாத்தே, நீ எங்க வேலை செய்ற?" என்றார்.

"பிஎஸ்சி பிசிக்ஸ்" என்றேன்.

அவர் கருவியை மேஜையில் போட்டுவிட்டு அங்கே வைத்திருந்த அணு உலை மாதிரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். "சார் மேல அணு கீது!" என்று ஒரு பையன் அலறினான். அவ்வளவுதான், நான் சொன்ன மடக்கு நாற்காலிகள் மாதிரி மொத்த வகுப்பும் வாசலை நோக்கிச் சாய்ந்தது. வாட்ச்மேன் விசில் ஊதினார். அந்தோணிசாமி சிலுவை போட்டுக்கொண்டார். விளக்கம் சொல்லலாம் என்று நான் அவர் பக்கம் ஓரடி வைத்தேன். "அங்கியே நில்லுங்க தம்பி!" என்றபடி அவரும் வாசலுக்குப் போய்விட்டார். நான் எதற்கென்றே தெரியாமல் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றேன்.

ஜெசிந்தா மட்டும் என்னை நோக்கி வந்தாள்.

"பாக்கெட்ல என்ன வெச்சிருக்கீங்க?"

"மேண்டில்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. "நீங்க பிசிக்ஸ்தானே படிச்சீங்க? மேண்டில்ல தோரியம் இருக்கு லாரன்ஸ்."

என் சட்டைப் பைக்குள் தானே கையை விட்டு அந்தப் பாக்கெட்டுகளை எடுத்தாள். அந்தக் காலத்தில், அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது! பிறகு கருவியைக் கையில் எடுத்து, பாக்கெட்டுகளுக்கு நேரே பிடித்து, "பயப்படாதீங்க, வாங்க. நம்ம மாதா தேர் விளக்குல எரியறதுதான் இது. இந்த அளவு ஒண்ணும் செய்யாது" என்று பிள்ளைகளைக் கூப்பிட்டாள். அவர்கள் வர நேரமானது. அதுவரை அவள் என் பக்கத்திலேயே நின்றாள், அவள் புடவை என் கையில் படுகிற தூரத்தில். என் மானம் கப்பலேறிய இடத்தில் நின்றுகொண்டு, அந்தக் கருவி இன்னும் கொஞ்ச நேரம் கத்தக் கூடாதா என்று ஏங்கினேன்.

பஸ் ஸ்டாப்பில் அந்தோணிசாமி என்னிடமிருந்து சற்றுத் தள்ளியே நின்றார்.

"அந்த மேண்டிலு நீங்க எப்பலேருந்து தொடறீங்க தம்பி?"

"சின்ன வயசுலேருந்தே சார். எங்க கடையே அதான்."

அவர் முகத்தில் கோபமே இல்லை. இரக்கம்தான் இருந்தது. "அப்ப நாளைக்குப் புள்ளகுட்டின்னு..." என்று ஆரம்பித்து, மகள் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஜெசிந்தா கரும்பலகை இல்லாத குறையாகப் பாடமே எடுத்தாள்.

"நீ சொல்றது புஸ்தகம்மா. நான் ஆயுசு பூரா மெஷினோட இருந்தவன். மெஷின் பொய் சொல்லாது" என்றார். அதற்கு மேல் அவரிடம் யாரும் பேச முடியாது.

எனக்கு முன்னால் செய்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அம்மா என்னை வாசல்படி ஏறவிடவில்லை. பின்பக்கம் நிறுத்தி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, மேலே தீர்த்தமும் தெளித்துத்தான் உள்ளே விட்டாள். மறுநாள் தேர் விளக்குகள் ஜெகஜ்ஜோதியாக எரிந்தன. நைனாவுக்கு அது போதும்.

ஜெசிந்தாவுக்குப் பெங்களூரில் கல்யாணம் ஆனது. அதற்குப் பிறகு பூசையில் பாட வந்த பெண்கள் எல்லோரும் மைக்கைத் தாங்களே சரிசெய்துகொண்டார்கள். நான் பின்பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பார்ப்பேன். அழுகை வரும். வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்வேன்.

பிறகு ரீட்டா வந்தாள். நாலு பிள்ளைகள் பிறந்தார்கள். ஒவ்வொரு ஞானஸ்நானத்திலும் யாராவது, "நசரத்பேட்டைப் பெரியவருக்கு ஒரு தந்தி அடிங்கப்பா" என்று கத்துவார்கள். கரண்ட் போனால் ரீட்டா, "மெழுகுவத்தி எதுக்கு, அப்பா பக்கத்துல உக்காந்து படிங்க" என்று பிள்ளைகளைத் தள்ளிவிடுவாள். அவளும் நானும் சண்டை போட்டுக்கொண்ட நாட்கள் குறைவு. நல்ல மனுஷி.

போன கிறிஸ்துமஸுக்குப் புது மாப்பிள்ளை சாப்பிட வந்திருந்தபோது ரீட்டா அந்தக் கதையை முழுவதுமாக நடித்தே காட்டினாள். அவள் சொல்லும் கதையில் ஒரு மாற்றம் உண்டு. "மொதல்ல ஓடினது யாருன்னு நெனைக்கிறீங்க? அந்த டீச்சரம்மாதான்!" என்று முடிப்பாள். யார் அப்படிச் சேர்த்தது என்று தெரியவில்லை. வருஷக்கணக்காக அப்படித்தான்.

"நெஜமாவா மாமா? டீச்சரே ஓடிட்டாங்களா?" என்று மாப்பிள்ளை என்னைக் கேட்டார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஆமா மாப்பிள்ளை. வாசல் வரைக்கும்" என்றேன்.

வீடே அதிரும்படி சிரித்தார்கள். ரீட்டா மட்டும் சிரிப்பை நிறுத்தி, என் தட்டில் இன்னொரு துண்டு கறி எடுத்து வைத்தாள்.