உப்புப் பாத்தியில "பாப்பாவே!"

நேத்து எனக்கு ரெண்டே ரெண்டு வேலைதாங்க. உப்பளத்துக்குப் போயி, காலியா கெடக்கிற பாத்திக்குத் தண்ணி திறந்து விடணும். அப்புறம் பக்கத்துப் பாத்தியில விளைஞ்சு நிக்கிற உப்பை வாரணும். மரக்காணத்துல இதெல்லாம் கண்ண மூடிக்கிட்டே செய்வோம்.

ஆனா என் வீட்டுக்காரி கவிதாவுக்கு திண்டிவனத்துல பரீட்சை. "பாப்பாவையும் கூட்டிட்டுப் போங்க, கைய விடாதீங்க"ன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டா.

பாப்பா பேரு யாழினி. ரெண்டரை வயசு. ஒரு மாசமா எதைத் தொட்டாலும் "பாப்பாவே!"தான், எல்லாத்தையும் பாப்பாவே செய்யணுமாம். ஃபேன் சுவிட்ச நான் போட்டுட்டேன்னு வைங்க, முடிஞ்சுது கதை. அதை நிறுத்திட்டு அவளைத் தூக்கிப் புடிக்கணும், அவளே போடணும். அதுவரைக்கும் தெருவே கேக்குற மாதிரி அழுவா!

வரப்பு மேல நடக்கும்போது கையப் புடிச்சேன். உதறிட்டா. அதோட விட்டாளா? புடிச்சுக்கிட்டு நடந்தது செல்லாதாம். திரும்பிப் போயி மொதல்லேருந்து நடந்தா. நானும் பின்னாடியே போனேன்.

ஒருவழியா மடைக்கு வந்தோம். மடைன்னா பெருசா ஒண்ணும் இல்ல, வரப்புல ஒரு வெட்டு, அதை அடைச்சிருக்கிற சேறு. சேத்தை எடுத்தா தண்ணி பாத்திக்குள்ள போவும். குனிஞ்சு எடுத்தேன்.

"பாப்பாவேஏஏ!"

பக்கத்துப் பாத்தியிலேருந்து செல்வி அக்கா ஓடி வந்தாங்க. "ஏம்பா, கொழந்தைய அடிச்சியா?"

"இல்லக்கா, மடைய திறந்தேன்."

"அதுக்கா அழுவுது?"

"நான் திறந்துட்டேன்னு அழுவுது."

அக்கா என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க. நான் மானத்தை மறந்துட்டு மடைய மூடினேன். "வாடா கண்ணு, இப்படிப் புடி, இப்படி இழு"ன்னு சொல்லிக் குடுத்தேன். சேத்தை அள்ளித் தூக்கிப் போட்டா. தண்ணி ஓடுச்சு. தனக்குத் தானே கை தட்டிக்கிட்டா! எனக்குப் பெருமை தாங்கல. வீடியோ எடுத்து கவிதாவுக்கு அனுப்பினேன்.

அனுப்பிட்டு நிமிந்தா, பாப்பாவைக் காணோம்.

அடுத்த மடையில உக்காந்து சேத்தை அள்ளிப் போட்டுக்கிட்டு இருந்தா. உப்பு விளைஞ்சு நிக்கிற பாத்தியோட மடை! வாய்க்கால்ல இருந்தது இன்னும் வெயில்ல காயாத புதுத் தண்ணி. அது உள்ள போனா உப்பு கரைஞ்சு போயிடும். அத்தனை நாள் பாடும் போச்சு.

"அய்யய்யோ!"ன்னு ஓடினேன். வழுக்கி உக்காந்தேன். எழுந்து போயி ரெண்டு கையாலயும் சேத்தை அள்ளி அடைச்சேன்.

"பாப்பாவேஏஏ!"

நான் வச்ச சேத்தை அப்படியே புடுங்கிப் போட்டுட்டா. மறுபடி அடைச்சேன். மறுபடி புடுங்கினா. தூக்கிட்டுப் போலாம்னு பாத்தா தோள்ல நறுக்குன்னு கடிச்சுட்டா!

"இப்ப இன்னாப்பா?" செல்வி அக்கா.

"மூடிட்டேன்க்கா, அதுக்கு அழுவுது!"

"அப்ப அது கையிலயே குடுத்துத் தொலை!"

குடுத்தேன். மேடம் சாவகாசமா உக்காந்தாங்க. கோலி சைஸுக்கு ஒரு சேத்து உருண்டை. திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. வச்சாங்க. தட்டினாங்க. அடுத்த உருண்டை. தண்ணி பாட்டுக்கு உள்ள போவுது. ஓரத்து உப்பெல்லாம் என் கண்ணு முன்னாடியே கரையுது.

"சீக்கிரம் தாயே"ன்னு கையெடுத்துக் கும்பிட்டேன்.

"அப்பா, தள்ளு!"

தள்ளி நின்னேன். கடைசி உருண்டைய வச்சு, ரெண்டு கையாலயும் தட்டி முடிச்சா. போயிப் பாத்தேன். ஒரு சொட்டு ஒழுகல! நான் பன்னெண்டு வருஷமா அடைக்கிறேன், ஒரு நாளும் ஒழுகாம இருந்தது இல்ல.

செல்வி அக்கா வந்து உத்துப் பாத்தாங்க. "நாளைக்கு என் பாத்திக்கும் பாப்பாவ அனுப்புப்பா. நீ வேணாம்"னாங்க.

கால்வாசி உப்பு போச்சு. மிச்சத்தை வாரி முடிச்சேன்.

சாயங்காலம் கவிதா போன் பண்ணா. "வீடியோ பாத்தேங்க, சூப்பர்! அப்புறம் பாப்பா அழுதாளா?"

"கொஞ்ச நேரம் அழுதா. அப்புறம் வேலையில உக்காந்துட்டா."

"நீங்க இன்னா பண்ணீங்க?"

"அவ விட்ட எடத்துலேருந்து நான் அழுதேன்."