பொன்மூக்கரின் மூன்று குமிழ் எந்திரம்

பொன்மூக்கர் வந்துவிட்டார்! கடைத்தெரு முழுக்க இதே பேச்சு. புதையலை மோப்பம் பிடிப்பவர் என்பதால் ஊர் வைத்த பெயர் அது. பேக்கரிக்காரர் ரொட்டியைக் கருகவிட்டு ஓடினார். செல்போன் ரிப்பேர்க்காரர் பாதி பிரித்த போன்களை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். எல்லோரும் போய் நின்றது சவரக்கடையில். புதையல் அந்தக் கடைத் தரைக்கு அடியில்தான் இருக்கிறதாம். பொன்மூக்கரின் எந்திரம் போனமுறையே சொல்லிவிட்டது.

அதை நம்பிச் சவரக்கடைக்காரர் நடுக்கடையில் இடுப்பளவு குழி வெட்டியிருந்தார். கிடைத்தது ஒரு துருப்பிடித்த ஆணி. முடிவெட்ட வந்தவர்கள் குழியைத் தாண்டிக் குதித்து நாற்காலிக்குப் போனார்கள். குதிக்க முடியாதவர்கள் முடியோடு வீடு திரும்பினார்கள்.

"ஆணி வந்துடுச்சா? அப்ப பெட்டி பக்கத்துலதான்!" என்றார் பொன்மூக்கர். "பெட்டி இல்லாத இடத்துல ஆணிக்கு என்ன வேலை?"

கூட்டம் வாயைப் பிளந்தது. அடேயப்பா, என்ன அறிவு!

எந்திரம் என்பது ஒரு கறுப்புப் பெட்டி. அடியில் கைப்பிடி, தலையில் சுழலும் கம்பி, வயிற்றில் மூன்று குமிழ்.

"மத்த எந்திரமெல்லாம் ஊக்குக்கும் கத்தும், தகர மூடிக்கும் கத்தும். இது அப்படியில்ல. ஒரு குமிழ் தங்கத்துக்கு, ஒண்ணு பழங்காசுக்கு, ஒண்ணு பழம்பொருளுக்கு. பேட்டரியே வேணாம். பூமியோட சக்தியில ஓடுது!"

பேட்டரி இல்லாமல் ஓடும் எந்திரத்தைக் கண்டால் சந்தேகம் வரவேண்டும். இவர்களுக்குப் பக்தி வந்தது.

ஒரே ஒரு சிக்கல். புதையலை ஓர் ஆவி காக்கிறதாம். தோண்டத் தோண்ட அது பெட்டியைக் கீழே இழுத்துக்கொண்டே போகுமாம். அதன் பசியை அடக்கத் தங்கம் வேண்டுமாம். சோறு தின்னாத ஆவி, தங்கம் மட்டும் தின்னும்! புதையலில் பங்கு கேட்டுப் பேக்கரிக்காரர் மோதிரத்தைக் கொடுத்திருந்தார், ரிப்பேர்க்காரர் சங்கிலியைக் கொடுத்திருந்தார். இன்று சவரக்கடைக்காரர் மனைவியின் தோடு.

மனைவி சண்டை போடவில்லை. தோட்டைக் கழற்றிக் கண்ணாடி முன் வைத்தாள். பிறகு தன் அம்மாவுக்கு போன் போட்டாள்.

மாமியார் வந்து சேர்ந்தார்.

"வாங்க அத்தை" என்றார் சவரக்கடைக்காரர், குழிக்குள் நின்றபடி.

"வர்றது இருக்கட்டும். மொதல்ல நீங்க மேல ஏறுங்க மாப்பிள்ளை."

மாமியார் நேரே பொன்மூக்கர் கையிலிருந்த எந்திரத்தின் முன் போய் நின்றார். கம்பி அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. அவர் மெல்லச் சிரித்தார். முன்பற்கள் இரண்டும் தங்கம்!

"ஏங்க, பூமிக்கு அடியில கிடக்கறது தெரியுது. என் வாயில இருக்கறது தெரியலையா?"

பொன்மூக்கர் அசரவில்லை. "அது பல்லும்மா. எந்திரம் அதைப் பல்லுன்னுதான் எடுத்துக்கும்."

"நியாயம்தானே?" என்றார் ரிப்பேர்க்காரர்.

"சரி, பல்லு வேணாம்" என்ற மாமியார் தன் மோதிரத்தைக் கழற்றினார். "மாப்பிள்ளை, காலி பவுடர் டப்பா நாலஞ்சு எடுங்க."

மோதிரம் மேசைமேல் கிடந்தபோது கம்பி சுற்றி வந்து அதன்மேலேயே நின்றது. கைதட்டல். அடுத்து ஒரு டப்பாவுக்குள் மோதிரத்தைப் போட்டு, துண்டால் மூடி, எல்லா டப்பாக்களையும் கலைத்துவிட்டார் மாமியார். எதில் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

எந்திரம் ஜெயிக்க வேண்டுமே என்று சவரக்கடைக்காரரின் மனம் அடித்துக்கொண்டது. தோற்றால், அந்தக் குழிக்கு ஊரிடம் என்ன சொல்வது?

கம்பி தடுமாறியது. ஒரு டப்பாவைக் காட்டியது. திறந்தார்கள். பஞ்சு.

"ஆவி நகர்த்திடுச்சு!" என்றார் பொன்மூக்கர்.

மறுபடி கலைத்தார்கள். மறுபடி பஞ்சு. அதற்கடுத்த முறை காட்டிய டப்பாவில் பஞ்சுகூட இல்லை.

"இங்க கொடுங்க" என்று சவரக்கடைக்காரர் எந்திரத்தைப் பிடுங்கினார். மணிக்கட்டை லேசாகச் சாய்த்தார். கம்பி நாற்காலியைக் காட்டியது. இந்தப் பக்கம் சாய்த்தார். வாசலைக் காட்டியது. அவருக்கு முகம் சிவந்தது, காது சிவந்தது. "இவ்வளவுதானா?" என்று பொன்மூக்கரின் சட்டைப் பைக்கு நேரே சாய்த்தார். கம்பி சட்டென்று அங்கே போய் நின்றது.

பேக்கரிக்காரர் பையில் கைவிட்டார். ஆவி தின்ற மோதிரமும் சங்கிலியும் செரிக்காமல் அப்படியே இருந்தன! மறைந்திருந்த தங்கத்தை எந்திரம் தன் வாழ்நாளில் சரியாகக் காட்டியது அந்த ஒருமுறைதான்.

பொன்மூக்கர் எந்திரத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடப் பார்த்தார். குழி நினைவில்லை. விழுந்த வேகத்தில் எந்திரமும் விழுந்து பிளந்தது. உள்ளே அரைச் செங்கல், காகிதத்தில் சுற்றி.

சவரக்கடைக்காரர் தோட்டை எடுத்து மனைவியிடம் நீட்டினார். அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"சும்மாவா கொடுக்கறீங்க? நீங்களே போட்டு விடுங்க" என்றாள் அவள்.

கூட்டம் கலையும்போது ரிப்பேர்க்காரர் மெதுவாகக் கேட்டார்: "பக்கத்து ஊர்ல நாலு குமிழ் எந்திரம் ஒண்ணு வந்திருக்காம். அது ஒரிஜினலாமே?"

மாமியார் தலையிலடித்துக்கொண்டார். "தம்பி, எந்த எந்திரம் வாங்குறதுன்னு அப்புறம் யோசிக்கலாம். கழுத்துக்கு மேல ஒண்ணு வச்சு அனுப்பியிருக்காங்களே, அதை ஒரு தடவையாவது போட்டுப் பாருங்க!"