உட்காருதல் என்பது யாதெனில்

செயலாளர் ஒட்டிய அறிவிப்பின் பசை காய்வதற்குள், அதன் அடியிலேயே இரண்டு பேர் குந்தியிருந்தார்கள்.

‘படிக்கட்டில் யாரும் உட்காரக் கூடாது.’ நாலே சொல். சட்டம் எழுதும் அலுவலகத்தில் முப்பது வருடம் காற்புள்ளி வைத்தே தேய்ந்து ஓய்வுபெற்ற கை அது. ஞாயிற்றுக்கிழமைக்குள் படிக்கட்டு காலியாகாவிட்டால் பதவியை விட்டுவிடுவேன் என்று அடுக்குமாடிச் சங்கக் கூட்டத்தில் மார்தட்டியிருந்தார். பின்பாதிக்குத்தான் கைதட்டல் அதிகம்.

“நாங்க எங்க சார் உட்கார்ந்தோம்? குந்தித்தானே இருக்கோம்,” என்றார் இரண்டாம் மாடித் தையல்காரர். பக்கத்தில் இருந்த எலக்ட்ரீஷியன் தன் பாதங்களைச் சாட்சிக்குக் காட்டினார்.

செயலாளருக்குக் கோபம் வரவில்லை; முகம் மலர்ந்தது. அவர் எழுதிய சொல்லை ஒருவர் சந்தேகப்பட்டு எத்தனை காலமாயிற்று!

மாலையே படிக்கட்டுச் சுவரில் இரண்டாம் தாள் ஏறியது: உடலின் பின்பகுதி படியில் படுவது உட்காருதல், குந்துதலும் அதில் அடங்கும். மறுநாள் தையல்காரர் சின்ன மெத்தை ஒன்று தைத்துக்கொண்டு வந்தார். படியில் படுவது மெத்தைதானாம். மூன்றாம் தாள் மெத்தை, செய்தித்தாள், செருப்பு எல்லாவற்றையும் வளைத்துப் போட்டது. இருவரும் கைப்பிடிச் சுவருக்குத் தாவினார்கள். கைப்பிடிச் சுவரும் படிக்கட்டே என்றது நான்காம் தாள்.

அன்றைக்கென்று மூன்றாம் மாடிக் கர்ப்பிணிப் பெண் பையோடு ஏறி வந்து, ஒரு நிமிஷம் உட்காரலாமா என்று கேட்டாள். செயலாளர் மனம் இளகிவிட்டது. மூச்சு வாங்குவோருக்கு விலக்கு அளித்தது ஐந்தாம் தாள். தையல்காரரும் எலக்ட்ரீஷியனும் ஐந்து மாடி ஓடி இறங்கி, முறைப்படி மூச்சு வாங்கியபடி உட்கார்ந்தார்கள்.

நிமிடத்துக்கு எத்தனை மூச்சு வாங்க வேண்டும் என்று வரையறுத்தது ஆறாம் தாள். ஆறு தாள்களிலும் உள்ள சொற்களுக்குப் பொருள் சொன்னது ஏழாம் தாள்.

“நேரா போயி ‘எந்திரிங்கப்பா’ன்னு சொன்னா ஆகாதா?” என்றாள் மனைவி.

“அப்படிச் சொல்ல எனக்கு என்ன அதிகாரம் இருக்கு? எந்தத் தாள்லயும் இல்லையே.”

ஞாயிறு காலை சங்கத் தலைவர் பார்வையிட வந்தார். இஸ்திரி போட்ட சட்டையோடு முன்னே இறங்கிய செயலாளர் பாதியில் நின்றுவிட்டார். வழக்கமான இருவர் போய், இப்போது படிக்கு ஒருவராகப் பதினோரு பேர். அவரைப் பார்க்க வெட்கப்பட்டதுபோல் எல்லோர் முகமும் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. மேல்படியில் மூக்குக்கண்ணாடியோடு அவர் மனைவி.

தலைவர் சங்க அறையின் சாவிக்காகக் கையை நீட்டினார்.

சாவியைக் கொடுத்த செயலாளர், கடைசிப் படியில் இருந்த முன்பின் தெரியாத ஆள்மேல் பாய்ந்தார். “நீ யாருய்யா? உனக்கு இங்க என்ன வேலை?”

“தபால் கொடுக்க வந்தேங்க,” என்றார் அந்த ஆள், சுவரில் வைத்த விரலை எடுக்காமல். “இங்க உட்காரலாமா கூடாதான்னுதான் படிச்சுக்கிட்டிருக்கேன். இம்புட்டையும் நின்னுக்கிட்டேவா படிக்க முடியும்?”