அகில ஒரகடம் எபூகா ரசிகர் மன்றம்

அகில ஒரகடம் எபூகா ரசிகர் மன்றத்தில் மொத்தமே ஒரு ஆள்தான். தலைவர், செயலாளர், பொருளாளர், கொடி பிடிக்கிற தொண்டன் எல்லாம் புருஷோத்தமன்தான். இதை மேனேஜர் தமிழ்வாணனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அவருடைய கண்ணாடி அறையில் அவன் நெளிந்துகொண்டிருந்தான்.

“நாளைக்குக் கூட்டம் வந்துடும்ல? கேட் வாசல்ல ரசிகர்கள் வரவேற்பு, அப்புறம்தான் பிளான்ட்டைச் சுத்திக் காட்டுறதுன்னு ஹெட் ஆபீஸுக்குச் சொல்லிட்டேன். உன்னை நம்பித்தான் இருக்கேன்” என்றார் மேனேஜர்.

“வந்துடும் சார்” என்றது வாய்.

ஒரகடத்தில் இருக்கும் அந்தத் தொழிற்சாலையில் ஆட்டோ செய்கிறார்கள்; வண்டியின் பாகங்களைப் பூட்டும் லைனில் புருஷோத்தமனுக்கு வேலை. பாதிக்கு மேல் கப்பலேறி ஆப்பிரிக்காவுக்குப் போகிறது. அங்கே விளம்பரத்துக்கு நைஜீரியாவின் பெரிய நடிகர் எபூகா ஒபியோராவைப் பிடித்திருந்தார்கள். அவர் வண்டி தயாராகும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார். “யாருய்யா இது?” என்று மேனேஜர் மீட்டிங்கில் கேட்டபோது லைன் சூப்பர்வைசர்கள் எல்லாரும் முழித்தார்கள். புருஷோத்தமனுக்குப் பொறுக்கவில்லை. “யாருன்னா கேக்குறீங்க? இங்க மன்றமே கீது சார்” என்று சொல்லித் தொலைத்தான். சொன்ன வாயைத் தைத்திருக்க வேண்டும்.

பைத்தியம் பிடித்த கதை இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, குன்றத்தூர் வீட்டில் படுத்தபடி போனில் ஏதோ நைஜீரியப் படம் பார்த்துக்கொண்டிருந்தான். கதாநாயகன் நெரிசலில் ஆட்டோ ஓட்டுகிறான். போலீஸ்காரன் மறித்து மாமூல் கேட்கிறான். கதாநாயகன் இறங்கி அவனைப் பிடிபிடியென்று பிடிக்கிறான். புருஷோத்தமன் கதாநாயகனைப் பார்க்கவேயில்லை, வண்டியைப் பார்த்தான்.

“சசிகலா, இங்க வாயேன். இது நம்ம லைன்ல பூட்டுன வண்டி.”

“வண்டின்னா ஓடத்தான் செய்யும். குக்கர் எத்தினி விசில் வுட்டுச்சு, அதச் சொல்லு” என்றாள் மனைவி.

அன்றைக்குப் பிடித்தது அந்தக் கதாநாயகன் எபூகா மேல் பைத்தியம். எபூகாவின் ஜாதகமே அவனுக்கு அத்துப்படி. சந்தையில் கிழங்கு விற்றவரின் பிள்ளை. லேகோஸ் நகரத்துக்கு ஓடி வந்து ஆட்டோ ஓட்டியவர். ஷூட்டிங்குக்குச் சாப்பாடு ஏற்றிப் போன இடத்தில் அப்படியே சினிமாவுக்குள் நுழைந்தவர். இன்றைக்கு அவர் தெருவில் இறங்கினால் போலீஸ் வந்துதான் வழி பண்ண வேண்டும். ‘நாம பூட்டுன வண்டிய ஓட்டுன கைடா அது’ என்று நினைத்தாலே புருஷோத்தமனுக்கு நெஞ்சு விம்மும். கேன்டீனில் அவன் “எபூகா அண்ணன்” என்று ஆரம்பித்தால் போதும், பக்கத்தில் இருப்பவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுவார்கள். இந்த ஊரில் தன் பேச்சுக்கு ஒரு ஈ காக்கை நிற்காது என்பது அவனுக்கே தெரியும்.

அப்பேர்ப்பட்ட அண்ணன் நாளைக்குக் காலியான கேட்டில் இறங்கி, ஒற்றை ஆள் கையசைப்பதைப் பார்ப்பார் என்று நினைக்கவே அவனுக்கு அழுகை வந்தது. கூட்டம் சேர்க்க முடியாவிட்டால், கூட்டம் இருப்பது மாதிரி பெரிய பிளக்ஸாவது வைக்கலாம்.

ஷிப்ட் முடிந்ததும் பிளக்ஸ் கடை அருள்பாண்டிக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினான். “அருளு, நம்ம எபூகா அண்ணன்... பெரிய மனுசன்பா. கஷ்டப்பட்டு மேல வந்தவரு.” மூக்கை உறிஞ்சிக்கொண்டான். “காலையில ஆறு மணிக்கெல்லாம் கேட்டாண்ட நிக்கணும்.” கையில் இருந்ததிலேயே தெளிவான போட்டோ ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அதை அனுப்பினான்.

உடனே பதில் வந்தது. “நீங்க ஒண்ணும் பேச வேண்டாம்ணே. மனசத் தேத்திக்கிடுங்க. அவுக எந்த வருசம் பொறந்தாகன்னு மட்டும் சொல்லுங்க.”

திருநெல்வேலிக்காரனுக்கு எவ்வளவு அக்கறை பார் என்று நெகிழ்ந்து போய் வருஷத்தைச் சொன்னான் புருஷோத்தமன்.

காலையில் கேட்டுக்கு வந்தவன் பைக்குக்கு ஸ்டாண்ட் போட மறந்து ஓடிப்போய் நின்றான். எபூகா அண்ணன் வானளாவச் சிரித்துக்கொண்டிருந்தார். மூலையில் ஒரு குத்துவிளக்கு எரிந்தது. தலைக்கு மேல் ‘கண்ணீர் அஞ்சலி’. கீழே தோற்றம், அவன் சொன்ன வருஷம். மறைவு, நேற்று.

போனைப் போட்டான். “இன்னாடா பண்ணி வெச்சிக்கிற?”

“கல்யாண பிளக்ஸுக்கு ஒரு மாசம் முன்னாடி வருவாக. காதுகுத்துக்கு ஒரு வாரம். சாயங்காலம் சொல்லி விடியறதுக்குள்ள கேட்டா, அது சாவுதானண்ணே” என்றான் அருள்பாண்டி. “அதுவும் கறுப்பு வெள்ளை போட்டோ. நீங்க வேற அழுதீய.”

லைனில் கூட வேலை செய்யும் ரகு ஒரு வேன் கூரை மேல் ஏறினான். “கிழிச்சுப் போட்றலாம்ணா.”

“அண்ணன் மூஞ்சியிலயா கத்தி வெப்ப? எறங்குடா.”

கிழிக்க மனசு வராததால் மறைக்க முடிவாயிற்று. வரவேற்புக்கு வாங்கி வைத்திருந்த ஆள் உயர ரோஜா மாலையை அந்த எழுத்துகள் மேல் வீசச் சொன்னான். ரகு வீசினான். மாலை வழுக்கிக்கொண்டு கீழே வந்து அண்ணன் கழுத்தில் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. சாலையில் போன கம்பெனி பஸ் வேகம் குறைந்தது. ஜன்னலோரம் இருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அடுத்து வல்லக்கோட்டையிலிருந்து மேளக்காரர்கள் வந்து இறங்கினார்கள். வரவேற்புக்கு என்று இவன் சொல்லி வைத்த ஆட்கள்தான். பிளக்ஸைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சாவு மேளம் அடிக்க ஆரம்பித்தார்கள்.

“யோவ், சந்தோசமா அடிங்கய்யா.”

“கல்யாணச் சாவா? அத முன்னாடியே சொல்றதில்லியா?” என்று கோபித்துக்கொண்டார் மேளக்காரர்களின் தலைவர் முனிரத்தினம். அடி மாறியது. எவனோ சரவெடியை வேறு கொளுத்தினான்.

மேளச் சத்தம் போகிற வழியெல்லாம் சேதி போயிற்று. ஷிப்ட் முடிந்து வெளியே வந்தவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பையன்கள் பைக்கில் மும்மூன்று பேராக வந்தார்கள். கேன்டீன் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்த கோவிந்தம்மா, மாலை போட்ட படத்தைப் பார்த்ததும் மார்பில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“எங்கள வுட்டுட்டுப் போக எப்புடிய்யா மனசு வந்துச்சு உனுக்கு...”

புருஷோத்தமன் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தான். “யக்கா, அழுவாத. அவரு பத்தரைக்கு இங்க வந்துடுவாரு.”

“ஏர்போர்ட்லேந்து நேரா இங்கயேதான் எடுத்தாறாங்களா?” கோவிந்தம்மா மூக்கைச் சிந்தினாள். “டேய் பசங்களா, வழி வுடுங்கடா. ஐஸ் பெட்டி வெக்க எடம் வேணும்.”

பையன்கள் பரபரவென்று இடம் ஒதுக்கினார்கள். ஒரு பெஞ்சுகூட வந்துவிட்டது. இத்தனை பேரை இந்தக் கேட்டில் புருஷோத்தமன் எந்த ஆயுத பூஜைக்கும் பார்த்ததில்லை. பயத்துக்கு நடுவே ஒரு மூலையில் அவனுக்குப் பெருமையாகவும் இருந்தது.

பத்தரைக்குக் கார் வந்தது. முன் சீட்டிலிருந்து மேனேஜர் இறங்கினார். பிளக்ஸைப் பார்த்தார், புருஷோத்தமனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வேலை, பி.எப்., கிராஜுவிட்டி எல்லாம் ஒன்றாக எரிந்துபோனது. பின் கதவைத் திறந்துகொண்டு எபூகா ஒபியோரா இறங்கினார். மேளம் நின்றது. ஒப்பாரி பாதி வரியில் நின்றது. சரவெடி மட்டும் யாருக்கும் அடங்காமல் வெடித்து முடித்தது.

எபூகா மெதுவாக நடந்துபோய்த் தன் படத்தின் கீழே நின்றார். மொழிபெயர்க்க வந்திருந்த எச்.ஆர். சத்யப்பிரியாவிடம் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். அவள் மேனேஜரைப் பார்த்தாள். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் உள்ளதைச் சொன்னாள்.

எபூகா கோவிந்தம்மாவின் முன்னால் குந்தி உட்கார்ந்து, அவள் கன்னத்து ஈரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். எழுந்து, வரவேற்புக்கு வைத்திருந்த மைக்கை எடுத்தார். சத்யப்பிரியா வரிக்கு வரி தமிழில் சொன்னாள்.

“என்னோட முதல் படத்துல நான் பிணம். படுக்க வேண்டியவன் வரலை. சாப்பாடு கொண்டுபோன என்னைச் சவப்பெட்டியில படுக்க வெச்சாங்க. அதுக்கப்புறம் எத்தனையோ படத்துல செத்துட்டேன். ஒவ்வொரு தடவையும் கண்ணுல மருந்து விட்டுக்கிட்டுதான் அழுவாங்க. ஷாட் முடிஞ்சா டீ குடிக்கப் போயிடுவாங்க. மருந்து இல்லாம எனக்காக அழுத முகத்தை இன்னிக்குத்தான் பாக்குறேன். செத்தாலும் பாக்க முடியாத ஒண்ணை உயிரோட பாத்துட்டேன். இந்தப் பிளக்ஸைக் கழட்டித் தாங்க, ஊருக்கு எடுத்துட்டுப் போறேன்.”

கூட்டம் கைதட்டியது. மேனேஜர் எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினார். “இவன்தான் சார் மன்றத் தலைவர்” என்று புருஷோத்தமனைப் பிடித்து முன்னால் தள்ளினார். எபூகா அவனைக் கட்டிக்கொண்டார். தான் பூட்டிய வண்டியை ஓட்டிய கை தன் முதுகில் இருக்கிறது என்று புருஷோத்தமன் தேம்பித் தேம்பி அழுதான். ஒரு ஆள் மன்றம் ஊர்கொள்ளாத மன்றமாகிவிட்டது, அண்ணன் இதையெல்லாம் நம்பியும் விட்டார். இனி யாரும் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

அந்த நேரம் பார்த்து எபூகா மைக்கைக் கோவிந்தம்மாவிடம் நீட்டினார். “நீங்க இவ்வளவு அழுதீங்களே, இவரோட எந்தப் படம் அவ்வளவு பிடிக்கும்னு கேக்குறாரு” என்றாள் சத்யப்பிரியா. புருஷோத்தமன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

கோவிந்தம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மைக்கை வாங்கினாள்.

“இவரு யாருன்னே எனுக்குத் தெரியாதும்மா; நம்ம புருசோத்து வூட்ல யாரோ செத்துப் பூட்டாங்கன்னு சொன்னாங்க, அவனுக்கு ஒண்ணுன்னா இந்த ஊரே வந்து நிக்கும்னு இந்தப் பெரியவராண்ட சொல்லு.”