ஆவுடையம்மாளுக்கு மின்சாரம் வழங்கிய வகையில்

திருவொற்றியூர்,
வியாழக்கிழமை.

கோவை மாநகரில் தடையற்ற மின்சாரத்தோடு வாழ்ந்துவரும் மைத்துனன் அன்பரசனுக்கு, உன் அக்காள் கணவன் பீம்ராவ் எழுதுவது. இங்கு நானும் செங்கொடியும் மகள் மகிழினியும் உடலளவில் நலம். உன் நலத்தை விசாரிக்கப் போவதில்லை. என் எண்ணைக் கைப்பேசியில் முடக்கி வைத்துவிட்டு நீ நிம்மதியாகத்தான் இருப்பாய். காரைப் பற்றி நாற்பத்தோரு குரல் செய்தி அனுப்பியது கொஞ்சம் அதிகம்தான் என்று உன் அக்காளும் சொல்கிறாள். அதனால் தபாலில் எழுதுகிறேன். தபால்காரரை முடக்க உன்னால் முடியாது.

பொங்கலுக்கு வந்திருந்தபோது, "எலெக்ட்ரிக் காரு வாங்கு மாமா. ரோட்ல ஓட்னா காரு, கரண்ட் போனா ஜெனரேட்டரு. ஒரே ஒயரு, வூட்ல பேன் சுத்தும்" என்று நீதான் சொன்னாய். எங்கள் மாடியிலிருந்து வடக்கே பார்த்தால் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தெரியும். சமையல்காரன் வீட்டுக்கு எதிரே குடியிருந்துகொண்டு பட்டினி கிடப்பவன் நிலைமை எங்களுடையது. அந்த எரிச்சலில் உன் பேச்சைக் கேட்டேன். வாழ்க்கையில் நான் யார் பேச்சையெல்லாம் கேட்டுக் கெட்டேன் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். உன் பெயர் இப்போது மூன்றாவது இடத்தில் இருக்கிறது.

சென்ற வாரம் புதன்கிழமை காலை பத்து மணிக்குத் தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்தது. சரிசெய்யச் சாயங்காலம் ஆகும் என்றார்கள். அன்று மூன்று மணிக்கு மகிழினிக்கு ஆன்லைனில் நேர்முகத் தேர்வு. மின்பொறியியல் படித்துவிட்டு இரண்டு வருடமாக வீட்டில் இருக்கிறாள். ஆறு இடத்தில் கைநழுவிப் போனது, இது ஏழாவது. அவளுடைய லேப்டாப்பின் பேட்டரி செத்து ஒரு வருடம் ஆகிறது, பிளக்கில் செருகி வைத்தால்தான் அதற்கு உயிர். ஆனாலும் நான் பதறவில்லை. வாசலில் கார் நின்றது, அதில் அறுபது சதவீதம் சார்ஜ் இருந்தது. வாழ்நாளில் முதன்முறையாக முன்யோசனையுள்ள மனிதனாக என்னை உணர்ந்தேன். அந்த உணர்ச்சி பத்து நிமிடம் நீடித்தது.

பக்கத்து வீட்டு வெள்ளத்துரையின் தாயார் ஆவுடையம்மாள் அன்று விடியற்காலையில்தான் காலமாகியிருந்தார். எண்பத்தாறு வயது. வாடகைக்கு ஐஸ் பெட்டி வரவழைத்து அம்மாளை வைத்திருந்தார்கள். இளைய மகன் மஸ்கட்டிலிருந்து வந்து சேர ஐந்து மணி ஆகும். கரண்ட் போனதும் பெட்டியின் மோட்டார் நின்றுவிட்டது. வெயிலோ மண்டையைப் பிளக்கிறது. முகூர்த்த நாள் என்பதால் வாடகை ஜெனரேட்டர் எல்லாம் கல்யாண மண்டபங்களுக்குப் போய்விட்டன. தெருவில் மின்சாரம் மிச்சமிருந்த ஒரே இடம் என் கார்.

வெள்ளத்துரையை உனக்குத் தெரியும், படகு எஞ்சின் மெக்கானிக். 2015 வெள்ளத்தில் தெருவையே ஃபைபர் படகில் ஏற்றிக் கரை சேர்த்தவர். அவ்வளவு நல்ல மனிதர், தெருக்கோடித் தாயம்மாவின் ஆறு ஆடுகளையும் ஏற்றி இறக்கிய பிறகுதான், வரலாற்றில் முதுகலை படித்த என்னை ஏற்றினார். அன்றிலிருந்து அவரோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்படிப்பட்டவர் வீட்டுக்கு நானாக மின்சாரம் கொடுப்பேனா? நடந்தது இதுதான்: நான் குளித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு கும்பல் புகுந்து, காரில் ஒயரைச் செருகி, என் அனுமதி இல்லாமல் சாவு வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. தடுத்திருப்பேன். தலையெல்லாம் சோப்பு. வெளியே வந்த பிறகு பிடுங்கியிருக்கலாமே என்பாய். ஐஸ் பெட்டியில் ஒரு அம்மாள் படுத்திருக்கும்போது பிளக்கைப் பிடுங்கியவன் அப்புறம் இந்தத் தெருவில் தயிர் வாங்க முடியுமா?

இத்தோடு போயிருந்தாலும் பரவாயில்லை. சாவு வீட்டில் ஐந்து பிளக் ஓட்டை உள்ள பலகை ஒன்றை மாட்டிவிட்டார்கள். ஐஸ் பெட்டி ஒன்றில், துக்கத்துக்கு வந்தவர்களின் செல்போன்கள் மூன்றில், கடைசி ஓட்டையில் கானா பாட வந்தவர்களின் ஆம்ப்ளிஃபயர். ஆவுடையம்மாளின் பெருமைகள் என் செலவில் தெருமுனை வரை கேட்டன. மூன்று மணிக்கு மகிழினி காரின் பின்சீட்டில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, உள்ளே இருக்கும் பிளக்கில் லேப்டாப்பைச் செருகி உட்கார்ந்தாள். சார்ஜ் முப்பத்தொன்று. இருபதைத் தொட்டால் கார் தானாகவே எல்லாவற்றையும் நிறுத்திவிடும். பெட்டியும் நிற்கும், பெண்ணின் வேலையும் நிற்கும்.

அப்போது எண்ணூரிலிருந்து ஒரு தூரத்து உறவுக்கார அம்மாள், கண் சரியாகத் தெரியாதவர், மாலையோடு வந்தார். ஒயர் சுற்றிய கார், சுற்றிலும் கூட்டம், கறுப்புக் கண்ணாடிக்குள் ஆடாமல் அசையாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு உருவம். இறந்தவரை உட்கார வைத்து எடுத்துப் போவது இந்தப் பக்கத்தில் உள்ள வழக்கம்தானே. அம்மாள் மாலையைக் கார் மேல் வீசிவிட்டு, "யம்மாடி அண்ணீ! ஒக்காந்துகினே பூட்டியா!" என்று கண்ணாடியில் அறைந்தார். உள்ளிருந்த உருவம் திரும்பிப் பார்த்து, "பெரிம்மா, ப்ளீஸ்" என்றது. அம்மாளுக்குச் சோடா கொடுத்துத் தெளிய வைக்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தபடி நின்றேன், அவ்வளவுதான். வெள்ளத்துரை என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார், நேரே போய் ஆம்ப்ளிஃபயர் ஒயரைப் பிடுங்கினார்.

"இன்னாண்ணே, இப்பதான் சூடு புட்ச்சிகினு வருது" என்றார் கானாக்காரர்.

"வாய மூட்றா. பாப்பா இண்டர்வியூல கீது."

"அம்மாவ இப்டி சத்தமில்லாம வெச்சிகினா நல்லாவா கீது?"

"எங்கம்மா எம்பத்தாறு வருசம் கத்திகினேதான் இருந்துச்சி. ஒரு அர மணி நேரம் சும்மா கெடக்கட்டும்."

தெருவே வாயை மூடியது. அழுதவர்கள்கூட முந்தானையைக் கடித்துக்கொண்டார்கள். தேர்வாளர் மட்டும் மகிழினியிடம், காரின் பின்கண்ணாடியில் ஏன் மாலை தொங்குகிறது என்று கேட்டாராம். உன் அக்காள் மகளுக்குப் பொய் வராது. பக்கத்து வீட்டு ஆயாவைக் குளிர வைத்துக்கொண்டிருக்கிறோம் சார் என்று சொல்லி, பெட்டிக்கு எத்தனை வாட், ஆம்ப்ளிஃபயரை எடுத்ததில் எவ்வளவு மிச்சம், ஐந்து மணி வரை தாங்குமா என்று அவர் முன்னாலேயே கணக்குப் போட்டுக் காட்டினாளாம். ஏழாவது இடமும் போயிற்று என்று நான் அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

நாலரைக்குக் கரண்ட் வந்தது. காரில் மிச்சம் இருபத்திரண்டு. மகன் வந்தார், அம்மாளை எடுத்தார்கள். சாவு வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் வருவதுதான் மரபு என்பதால், வெள்ளத்துரையிடம் பேச வேண்டிய அவசியம் அன்றும் எழவில்லை. இன்றுவரை ஏசியைப் போட்டால் ரோஜா இதழ் பறக்கிறது. ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை நீயே வந்து இந்தக் காரைக் கோவைக்கு ஓட்டிக்கொண்டு போய்விடு. நான் அரிக்கேன் விளக்கோடு மானமாக வாழ்ந்துகொள்கிறேன்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உனக்கும் உண்டு, காரை எடுத்துப் போன பிறகு.

இப்படிக்கு,
யார் பேச்சையும் இனிக் கேட்காத
பீம்ராவ்

பி.கு.: தம்பி அன்பு, நான் பக்கத்து வூட்டு வெள்ளத்துரை எழுதறேன். இத போஸ்ட் பண்ண சொல்லி மகிழினி பாப்பா குட்த்துச்சி. கவர ஒட்டல, படிச்சிட்டு ஒட்டுங்க மாமான்னுச்சி. படிச்சேன். உங்க மாமா அன்னிக்கு குளிக்கவேல்ல. நாங்க யாரும் கேக்கவும் இல்ல. பெட்டி மோட்டாரு நின்ன அடுத்த நிமிசம் லுங்கியோட ஒயர தோள்ல மாட்டிகினு அவரே வந்தாரு, சொருவுனாரு, என் மூஞ்ச பாக்காம பூட்டாரு. வெள்ளத்தப்ப ஆட்ட மொதல்ல ஏத்துன்னு சொன்னதும் அவருதான், புஸ்தக மூட்ட கட்டி முடியலியாம். பாப்பாக்கு வேல கெட்ச்சிட்சி, நேத்தே லெட்டர் வந்துச்சி, அத எழுதுனாரா பாரு. காரு எடுக்க வராத. வர்ற வியாழன் அம்மாக்கு பதினாறாம் நாளு, அன்னிக்கு பகல் பூரா கரண்ட் கட்டாம். இப்பவே மாமா எங்க வாசல் வரிக்கும் ஒயரு பத்துமான்னு அளந்துகினு கீறாரு. இன்னும் பேசத்தான் மாட்டன்றாரு. அதுக்கு எதனா ஒயரு கீதுன்னா வாங்கினு வா.