பாதி விலை எலும்புக்கூடு

துணிச்சலின் விலை தொண்ணூற்றொன்பது டொலர் ஐம்பது சதம். அந்த விலைக்கு டெஸ்மன் வாங்கிய எலும்புக்கூடு இப்போது அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அது சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டுத்தான் தேத்தண்ணி எடுக்கப் போயிருந்தார். போய் வர இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"பிரியந்தி!"

"என்னப்பா?" மாடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"இதை நீர் தொட்டனீரோ?"

"அந்தச் சனியனை நான் ஏன் தொடுறன்? எனக்கு வேற வேலை இல்லையோ?"

எலும்புக்கூட்டின் தாடை மெல்லத் திறந்தது. டக், டக், டக் என்று மூன்று முறை அடித்து மூடிக்கொண்டது. வாடகை வீட்டுக் கம்பளத்தில் தேத்தண்ணிக் கோப்பை விழுந்தது.

டெஸ்மன் பயந்த ஆள் என்பது ஆக்லாந்தின் பிளாட் புஷ் பகுதியில் இரகசியமில்லை. போன வருடம் மகள் ஜெசிக்காவின் வகுப்புப் பிள்ளைகளோடு பேய் ரயிலில் ஏறினார். அவர் போட்ட கூச்சலில், யாருக்கோ மாரடைப்பு வந்துவிட்டது என்று ரயிலையே நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் ஜெசிக்காவின் அப்பாவுக்குப் பெயர் 'ஸ்க்ரீம் டாட்'. பத்து வயதுப் பிள்ளை அதைச் சிரித்துக்கொண்டே சொல்லும். சொல்லிவிட்டுக் கார் ஜன்னலுக்கு வெளியே பார்க்கும்.

இந்த ஹாலோவீனுக்கு அவள் வகுப்பில் எட்டுப் பேரை வீட்டுக்கு அழைத்திருந்தாள். சனிக்கிழமை, ஆறு மணி.

"டாட், யூ வோன்ட் ஸ்க்ரீம். ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்," என்று சொல்லிவிட்டார். பேயைச் செய்தவனே பேய்க்குப் பயப்படத் தேவையில்லை என்பது அவருடைய திட்டம்.

அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை நகரின் மறுபக்கம், நியூ லின்னில் ஒரு கடைக்குப் போனார். இடுப்புக்கு மேல் மட்டும் உள்ள எலும்புக்கூடு. கழுத்தில் ஒரு சர்வோ மோட்டார், தாடையில் ஒன்று. எத்தனை பாகை திரும்ப வேண்டும் என்று கணினியில் எண்ணைப் போட்டால், சொன்ன இடத்தில் போய் நிற்கும். தனியே வாங்கினால் நூற்று இருபத்தொன்பது டொலர். இரண்டு உள்ள பெட்டி நூற்றுத் தொண்ணூற்றொன்பது.

டெஸ்மனின் உதடுகள் அசைந்தன. பக்கத்தில் நின்ற ஒரு மனிதரின் உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன. மனக்கணக்குப் போடுகிற இருவருக்கு அறிமுகம் தேவையில்லை.

"அண்ணே, பாதிப் பாதி?" என்றார் அந்த மனிதர்.

"ஓம்!"

பெயர் ராம்சாமி, பீஜியிலிருந்து வந்தவர், நியூ லின்னிலேயே வீடு, கூரை வேலை. கார் நிறுத்துமிடத்தில் வைத்துப் பெட்டியைப் பிரித்தார்கள். ஆளுக்கு ஓர் எலும்புக்கூடு. இணையத்தில் பதிய வேண்டிய எண் பெட்டிக்கு ஒன்றுதான் இருந்தது. இருவரும் அதைப் படம் பிடித்துக்கொண்டார்கள். ரசீதும் செய்முறைத் தாளும் ஒவ்வொன்றுதான், ராம்சாமி எடுத்துக்கொண்டார். டெஸ்மன் கேட்கவில்லை. மிச்சம் பிடித்த இருபத்தொன்பது டொலர் ஐம்பது சதம், மோட்டர்வே முழுக்க அவரைச் சீட்டி அடிக்க வைத்தது.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்ததும், பெட்டி எண்ணைப் பதிந்து எலும்புக்கூட்டை வீட்டு வைஃபையில் இணைத்தார். பிறகு ஒரு வீடியோவைப் பார்த்துப் பார்த்துக் கணினியில் மூன்றே வரிக் கட்டளை எழுதினார். பூச்சியம் போட்டால் சுவர். தொண்ணூறு போட்டால் நேர். நூற்றெண்பது போட்டால் அறையைப் பார்க்கும். எழுதியபடியே அது திரும்பியது. மனைவிகூட இப்படிச் சொன்னதைக் கேட்டதில்லை என்று மகிழ்ந்துதான் தேத்தண்ணிக்குப் போனார்.

இப்போது அவர் கம்பளத்தைத் துடைத்தார். பிறகு குளிர்சாதனப் பெட்டியில் தொங்கிய தேவாலய நாட்காட்டியின் ஓரத்தில் ஒரு கோடு கிழித்தார். அவருக்குப் பாட்டனி டவுன்ஸில் ஒரு தளபாடக் கடையில் சரக்கு எண்ணுகிற வேலை. பயந்தாலும் பதிந்துதான் பயப்படுவார்.

செவ்வாய்க்கிழமை, எலெக்ட்ரீஷியன் யோகராஜாவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"அண்ணை, அது பேயுமில்லைப் பிசாசுமில்லை," என்றான் அவன். "கரண்ட் காணாது. கணினி வயரால வாற கரண்ட் காணாட்டி சர்வோ தன்ர பாட்டில ஆடும். பெரிய பற்றறி ஒண்டு வாங்கித் தனியாக் குடுங்கோ."

கொடுத்தார். பற்றறியை வைக்கும் இடம் நெஞ்சுக்கூட்டுக்குள் இருந்தது. அன்றைக்குத் தைரியமாகக் கையை விட்டு வைத்துவிட்டார். அரை மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு தலை 'சடக்' என்று திரும்பியது. முன்பு மெல்லத்தான் திரும்பும். இப்போது தாடையால் அடித்து மேசை விளக்கை உருட்டிவிட்டுத் திரும்பியது.

"என்னண்ணை, நடுக்கம் நிண்டிட்டுதோ?" என்று யோகராஜா திரும்ப அழைத்துக் கேட்டான்.

"அதுக்கு நிண்டிட்டுது. எனக்குத் துவங்கியிருக்கு."

இரண்டாவது கோடு.

புதன்கிழமை கணினியையே அணைத்து, வயரைக் கழற்றி, பையில் போட்டு மூடினார். கட்டளையிட ஆளில்லாவிட்டால் கேட்கவும் ஆளில்லைத்தானே. ஆனால் பற்றறி இப்போது தனி. எலும்புக்கூடு சாவகாசமாகச் சுவரிலிருந்து முகத்தை எடுத்து, அவர் உட்கார்ந்திருந்த சோபாப் பக்கம் திரும்பியது.

டெஸ்மன் கணினியைத் திரும்ப எடுத்து, வயரை மாட்டி, பூச்சியம் என்று அடித்தார். சுவரைப் பார்த்தது. மூச்சு விட்டார். ஒரு நிமிடம் கழித்து அவரைப் பார்த்தது. டக், டக், டக். மீண்டும் பூச்சியம். சுவர்.

சந்தையில் விலை பேசுகிற இருவரைப் போல, இரண்டு பக்கமும் இறங்கி வரவில்லை. அடுத்த முறை திரும்புவதற்குள் கடையை மூடிவிட்டு டெஸ்மன்தான் மாடிக்கு ஓடினார். மூன்றாவது கோடும் நான்காவது கோடும் சேர்த்தே விழுந்தன.

"பற்றறியைக் கழற்றினால் முடிஞ்சுதே?" என்றாள் பிரியந்தி.

"அது நெஞ்சுக்குள்ள இருக்கு. நீர் கழற்றும்."

"நான் தொடமாட்டன் எண்டு முதலே சொன்னனான். பிள்ளையைக் கேளுங்கோ."

பிள்ளையைக் கேட்கலாம். ஜெசிக்கா ஒரு நொடியில் கழற்றிவிடுவாள். பிறகு எதற்கு என்று கேட்பாள். அதற்கு எலும்புக்கூடே பரவாயில்லை என்று டெஸ்மனுக்குத் தோன்றியது.

வியாழக்கிழமை முகம் தெரியாமல் இருக்கட்டும் என்று கட்டில் விரிப்பை எடுத்து மூடினார். வெள்ளை விரிப்பு. முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வந்த பிரியந்தி கதவைத் திறந்த நேரம், விரிப்புக்குள் தலை மெதுவாக வாசல் பக்கம் திரும்பியது. அவள் கைப்பையைப் போட்டுவிட்டு டெஸ்மனின் கையைப் பிடித்தாள். இருபது வருடத்துக்குப் பிறகு அப்படிப் பிடிக்கிறாள். ரசிக்கிற நிலையில் அவர் இல்லை.

"நேற்று வரைக்கும் அது எலும்புக்கூடு," என்றாள் மெல்ல. "நீங்கள்தான் இப்ப பேயாக்கி வச்சிருக்கிறீங்கள்."

ஐந்தாவது கோடு.

வெள்ளிக்கிழமை பிரியந்தியே ஊரில் மடு மாதா கோயிலிலிருந்து வந்த தீர்த்தப் போத்தலை எடுத்துக் கொடுத்தாள். கிட்டப் போக மனமில்லாமல், ஐந்தடி தூரத்தில் நின்றே டெஸ்மன் தெளித்தார். பாதிப் போத்தல் போயிற்று. தலை அவர் பக்கம் திரும்பியது. தாடை திறந்தது. தண்ணீர் மோட்டாருக்குள் போயிருக்க வேண்டும். திறந்த தாடை மூடவில்லை.

"இயேசுவே," என்றாள் பிரியந்தி. "சிரிக்குதப்பா."

பூச்சியம் போட்டுச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டு, ஆறாவது கோடு. நாட்காட்டியில் புனிதர்களுக்கு இடமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"இதைத் திருப்பிக் குடுத்திடுங்கோ," என்றாள். "நான் முடி காய வைக்கிற மெஷினைத் தாறன். ஈரத்தோட எடுக்கமாட்டினம்."

திருப்பிக் கொடுக்க ரசீது வேண்டும். ரசீது ராம்சாமியிடம். டெஸ்மன் அழைத்தபோது எடுத்தது ஒரு பெண் குரல்.

"நான் ராஜ்னி, அவர் வீட்டுக்காரி. அவருக்கு உடம்பு சரியில்லை அண்ணே. மூணு நாளா தூங்கலை. ரசீதா? தேடிப் பார்க்கிறேன். நாளைக்குச் சாயங்காலம் எனக்கு உங்க பக்கம் வேலை இருக்கு, நானே கொண்டுவரேன்."

சனிக்கிழமை ஆறு மணிக்கு ஆக்லாந்தில் வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. ஒக்டோபர் கடைசியில் இந்த ஊரில் பேய்கள் தொப்பி போட்டுக்கொண்டுதான் வர வேண்டும். இந்த வெளிச்சத்தில் என்ன பயம் என்று டெஸ்மன் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். எலும்புக்கூட்டை ஜெசிக்காவே கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய் கேட் தூணில் வைத்தாள். வாய் திறந்தபடி அது தெருவைப் பார்த்தது.

எட்டுப் பிள்ளைகளும் வந்தார்கள். சூனியக்காரிகள் மூன்று, இரத்தக்காட்டேரி இரண்டு, மற்றவை என்னவென்று தெரியவில்லை. வரிசையாக நின்று பார்த்தார்கள். எலும்புக்கூடு அசையவில்லை. ஐந்து நாள் ஓயாமல் திரும்பிய கழுத்து, கல்லாக நின்றது.

"இட்ஸ் நாட் ஈவன் மூவிங்," என்றது ஒரு காட்டேரி.

ஜெசிக்கா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கார் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதுபோல, தெருவைப் பார்த்தாள்.

டெஸ்மன் அதை நோக்கி நடந்தார். ஓரடி, இன்னோரடி. கையை நீட்டி, அதன் தோளில் வைத்தார். வயர் எங்காவது கழன்றிருக்கிறதா என்று முகத்தைக் கிட்டக் கொண்டுபோனார்.

சடக்.

மூக்குக்கும் மூக்கு இருக்க வேண்டிய ஓட்டைக்கும் நடுவே இரண்டு அங்குலம்.

பேய் ரயிலை நிறுத்திய அதே கூச்சல். ஒரு வருடத்தில் இன்னும் முற்றியிருந்தது. எட்டுப் பிள்ளைகளும் அலறிக்கொண்டு சிதறினார்கள். தெருவெல்லாம் இனிப்பு கொட்டியது. எதிர்வீட்டு நாய் காரின் அடியில் போய் ஒளிந்தது. கண்ணைத் திறந்தபோது டெஸ்மன் மதிலைக் கட்டிப்பிடித்திருந்தார்.

பிறகு ஒரு சூனியக்காரி சிரித்தாள். எல்லோரும் ஓடி வந்தார்கள்.

"அகெய்ன்! ப்ளீஸ், டூ இட் அகெய்ன்!"

"பெஸ்ட் ஸ்க்ரீம் எவர்!"

ஜெசிக்கா வந்து அவர் கையைக் கோத்துக்கொண்டாள். "மை டாட் ப்ராக்டிஸ்ட் ஆல் வீக்," என்று காட்டேரியிடம் சொன்னாள். குரலில் அவ்வளவு பெருமை. டெஸ்மன் தலையை ஆட்டினார்.

அப்போது ஒரு கார் வந்து நின்றது. இறங்கிய பெண்மணி எலும்புக்கூட்டையும் டெஸ்மனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் ராஜ்னி. நீங்கதானே பாதிப் பெட்டி அண்ணே? இப்போ கத்தினது நீங்கதானா?"

"ஓம்... இல்லை... அது நடிப்பு," என்றார் டெஸ்மன். பிள்ளைகள் இனிப்புப் பொறுக்கப் போனதும் குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, ரசீதைத் தாங்கோ. இதுக்குள்ள என்னவோ இருக்கு. ஆறு தரம் பயப்பிடுத்திப் போட்டுது. கோடு போட்டு வச்சிருக்கிறன். இப்ப ஏழாவது."

ராஜ்னி கைப்பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்தார். ஒன்றில் பென்சிலால் கிழித்த கோடுகள். டெஸ்மன் எண்ணினார். ஏழு.

"இது என்ன?"

"எங்க வீட்டுக்காரர் போட்டது. கோயில் பூசாரிகிட்டே காட்டணும்னு வச்சிருந்தார். ஆறு மணிக்கு நான் போன் பண்ணினப்போ, தனியா இருக்கேன், அது என்னையே பார்க்குது, இப்போதான் சுவர்ப் பக்கம் திருப்பினேன்னு அழுதாரு."

"அங்கையும் பேயோ?" டெஸ்மன் மதிலை மீண்டும் பிடித்துக்கொண்டார்.

ராஜ்னி மற்றக் காகிதத்தை நீட்டினார். ரசீதோடு சேர்த்துக் குத்தியிருந்த செய்முறைத் தாள். மடிப்புக்கூடக் கலையாமல் புதிதாக இருந்தது.

"ரசீது தேடினப்போதான் இதைப் படிச்சேன். கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு வைக்கிற ஜோடியாம் அண்ணே. ஒரே எண்ணுல பதிஞ்சா, எவ்வளவு தூரத்துல இருந்தாலும் இணையம் வழியா ஒண்ணோட ஒண்ணு பேசிக்குமாம். ஒண்ணு முகத்தைத் திருப்பினா மத்தது முகத்தைக் காட்டுமாம். நீங்க பயந்து சுவர்ப் பக்கம் திருப்பினப்பல்லாம் அங்கே அவரைப் பார்த்திருக்கு, அவர் பயந்து திருப்பினப்பல்லாம் இங்கே உங்களைப் பார்த்திருக்கு. விலையும் பாதிப் பாதி, பயமும் அவருக்கு ஏழு, உங்களுக்கு ஏழு: கணக்கு நேர்!"